நடைவரிசை

மாரிக்காலம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. பனிக்காலமோ இன்னும் வந்து சேரவில்லை. அத்தகைய இடைப்பொழுதின் ஒரு காலையில், கிழக்கு வெளுத்து, வெளுப்பு பொன்னாகி, பொன் மெல்ல மெல்ல ஓட்டுக் கூரைகளில் இறங்கி, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிச் சரியும் அந்த நெடுந்தெருவின் கடைக்கோடி வரை சென்று பரவிற்று. இருமருங்கும் தோளோடு தோள் இடித்து நிற்கும் வீடுகள். வீடுதோறும் தெருவுக்கும் வாயிற்படிக்கும் இடையே மதில் சூழ்ந்த சிறு முற்றம். முற்றந்தோறும் பதித்த கல். மழை கழுவிவிட்டுப் போன கற்கள் துலங்க, பால்காரரின் மிதிவண்டி மணி ஒருபுறமும் குழாயடிக் குடங்களின் மோதல் மறுபுறமும் ஒலிக்க, அத்தெருவே அன்பும் அமைதியும் குடிகொண்ட இடம் போல் தோற்றம் காட்டிற்று. நம்பிவிடாதீர், அன்பரே. மேட்டிலிருந்து இறங்குகையில் இடப்புறம் நீலக் கதவுடன் நிற்கும் வீட்டின் அம்மையார் முகத்தில் அந்நேரம் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தன.

அவ்வீட்டு முற்றத்தைச் சற்றே குனிந்து நோக்குவோம். வழக்கே அதைப் பற்றியதுதான். சதுரம் ஒன்று, நீள்சதுரம் ஒன்று, எந்த வடிவத்திலும் அடங்காதது ஒன்று எனக் கருங்கற் பாளங்கள் அகப்பட்ட அளவில் அகப்பட்டபடி பதிக்கப்பெற்றுக் கிடந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓரிடத்தில் நூல் நுழையாத நெருக்கம். மற்றோரிடத்தில் கட்டைவிரலே உள்ளே போய்விடும் அகலம். இடுக்குகளில் இட்ட பழஞ்சாந்து பொடிந்து உதிர, உதிர்ந்த இடத்தில் புல் குடியேற, புல்லைத் தொடர்ந்து எறும்பு குடியேறி மண்ணை மண்ணாய் வெளியே கொட்ட, கற்கள் அடியில் பொள்ளலாகி, மிதித்த கால் ஒவ்வொன்றுக்கும் ஒருபுறம் தாழ்ந்து மறுபுறம் எழுந்தன. போதாக்குறைக்குச் சில பாளங்கள் குறுக்கே வெடித்தும் இருந்தன. வெடிப்பின் ஒரு விளிம்பு சற்றே தூக்கி நின்றது. அந்த விளிம்பில்தான் மழைநாள் ஒன்றில் அவ்வீட்டு மருமகளின் கால் மாட்டிற்று. கணுக்கால் எலும்பு முறிந்தது. அன்றுமுதல் அப்பெண் மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாய் உள்ளறையில் கிடந்தாள்.

அத்தரையைப் பதித்தவர் கொத்தனார் அல்லர். அம்மையாரின் மறைந்த கணவர், தொழிலால் தையற்காரர். மணமான புதிதில் மனைவி சேற்றில் வழுக்கியதைக் கண்டு மனம் பொறாதவராய், கடையை அடைத்துவிட்டு வந்த மாலைகளில் எல்லாம் கல்கல்லாய்ச் சுமந்து வந்து, துணியில் ஒட்டுப் போடுபவர் போல் நிலத்தில் கல்லை ஒட்டினார். கோணல்தான், இல்லையென்று யார் சொன்னார்? ஆனால் அம்மையார் கண்ணுக்கு அது கோணலாய்த் தெரிந்ததே இல்லை. கணவர் போன பின்னர், இது அவர் கைபட்டது என்று தொட்டுக் காட்ட அவருக்கு எஞ்சியிருந்தது அந்தத் தரை ஒன்றுதான்.

இத்தரையின் மேல், தம் பெண்ணைக் கொடுக்கும் பேச்சுக்காக முதன்முதல் அடியெடுத்து வைத்தவர், வாழ்நாளெல்லாம் கல்லோடும் சாந்தோடும் மல்லுக்கட்டிய ஒரு கொத்தனார். கை நல்ல கை; வாய்தான் பொல்லாத வாய். வந்தவர் வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நாலு பேர் நடுவே குனிந்து தரையைத் தடவிப் பார்த்து, "இதை யாரு போட்டது? கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டானா?" என்று கேட்டுத் தாமே சிரித்தும் வைத்தார். வேறு எவரும் சிரிக்கவில்லை. அம்மையார் எழுந்து உள்ளே போனவர், கொத்தனார் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

பிள்ளையும் பெண்ணும் பிடித்த பிடியில் நின்றதனால் மணம் நடந்தேறிற்று. ஆயினும் பெண்ணின் தந்தை அவ்வாயிற்படி மிதிக்கலாகாது என்று அம்மையார் ஒரே போடாய்ப் போட்டுவிட்டார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கொத்தனாரோ, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று விறைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவும் பொறுக்கலாம், அன்பரே. பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. மகளின் கால் முறிந்த செய்தி வந்தபோது அம்மனிதர் வாயிலிருந்து முதலில் புறப்பட்ட சொல் என்ன தெரியுமா? "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" இதைச் சொல்லிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடி, அங்கே தாழ்வாரத்தில் அம்மையாரோடு வாய்ச்சண்டை பிடித்து, காவலாளி வெளியே அனுப்ப, மகள் முகத்தைப் பாராமலே திரும்பினார். அப்பெண்ணின் மேல் அவருக்கு உயிர்தான். அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாமற் போயிற்று.

இனி முற்றத்தைச் செப்பனிடாமல் தீராது என்றாயிற்று. வந்து பார்த்த வேறு கொத்தனார்கள் எல்லாரும் கல்லை முழுதும் பெயர்த்தெடுத்து மீண்டும் பதிக்க வேண்டும் என்றே உதட்டைப் பிதுக்கினர். கணவர் வைத்த கல்லில் ஒன்றையும் பெயர்க்க விடேன் என்று அம்மையார் மறுக்க, அலுத்துப்போன மகன், வேறு வழியின்றித் தன் மாமனாரையே வேண்டினான். அவர் உடனே இசைந்தார். மகள் இருக்கும் வீட்டின் மதிலுக்குள் நிற்கலாமே என்ற நினைப்பில் எதற்கும் இசைந்திருப்பார். அம்மையாரும் இசைந்தார், இகழ்ந்த வாய்க்காரன் அதே தரையில் மண்டியிட்டுத் தவழ்வதைக் கண்ணாரக் காண அவருக்கும் ஆசையாய் இருந்தது. முந்தின நாள் முழுதும் கொத்தனார் புல்லைப் பிடுங்கி, இடுக்குகளை உளியால் சுரண்டி, வெடிப்புகளைச் செதுக்கி அகலமாக்கி, நீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் போயிருந்தார். சாந்து நிரப்புவது மட்டுமே மிச்சம். அந்தக் காலையில்தான் நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

அம்மையார் வாயிற்படியின் உட்புறம் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு, முகத்தில் அடித்தாற்போல் பேச்சைத் தொடங்கினார்.

"கொத்தனாரே, நேத்துச் சொன்னதுதான். அவர் வெச்ச கல்லு ஒண்ணுகூட அசையக் கூடாது. படிக்கு இந்தப் பக்கம் உங்க கால் படக் கூடாது. இன்னைக்குச் சாயங்காலம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதனால நடக்கிற வழியை விட்டுட்டு வேலை பாருங்க."

"வழி விட்டுத்தான் வேலை செய்வோம், வீட்டுக்காரம்மா. அதை நீங்க சொல்லித்தரத் தேவையில்லை."

சம்பந்தி என்ற சொல் இருவர் நாவிலும் செத்துப்போய் நெடுநாளாயிற்று. போகட்டும். கொத்தனார் சொன்னது உண்மை. ஈரச் சாந்தை ஒருநாள் முழுதும் யாரும் மிதிக்கலாகாது. மிதித்தால் கல் அசையும், கல் அசைந்தால் சாந்து விண்டுபோகும். ஆனால் வீட்டில் இருப்பவர் வந்து போகவும் வேண்டுமே? ஆதலால் வாயிற்படியிலிருந்து மதில் வாயில் வரை ஒரு வரிசைக் கற்களை மட்டும் தொடாமல் விட்டு, இருபுறமும் முடித்து, மறுநாள் அவ்வரிசையை நிரப்புவர். நடைவரிசை என்று அதற்குப் பெயர். இவ்வீட்டுக்கோ பின்வழி கிடையாது. அதன் பின்சுவர் அடுத்த தெரு வீட்டின் பின்சுவரோடு முதுகு ஒட்டி நின்றது. எனவே அந்த ஒற்றை வரிசைதான் வீட்டுக்கு உயிர்நாடி.

அப்பெண்ணுக்கு அது உயிர்நாடியினும் மேலானது. எலும்பு மருத்துவர் அவ்வூருக்குத் திங்களுக்கு ஒருமுறை வருபவர். அன்று மாலை அவர் கையால் மாவுக்கட்டைப் பிரிப்பதாய் இருந்தது. வெளியூரில் பணிபுரியும் கணவன் நேரே மருத்துவமனைக்கு வந்து காத்திருப்பதாய்ச் சொல்லியிருந்தான். அன்று தவறினால் இன்னொரு திங்கள் அதே கட்டு, அதே கட்டில், கட்டிலருகே அவள் தந்தையை மாமியார் கரித்துக் கொட்டும் பேச்சு. இரவெல்லாம் உறங்காமல், விடிந்ததும் குளிக்க இயலாத உடம்பைத் துடைத்துக்கொண்டு, நல்ல சேலையாய்ப் பார்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் பலகணி ஓரமாய் அமர்ந்திருந்தாள். பலகணி உயரமானது; அதன் வழியே அவளுக்கு முற்றம் தெரியாது, குரல்கள் மட்டும் கேட்கும்.

வேலை தொடங்கிற்று. மணலைச் சலித்து, சுண்ணமும் கல்தூளும் அளவாய்க் கூட்டி, கையில் பிடித்தால் உருண்டையாய் நிற்கும் பதத்தில் கொத்தனார் சாந்து குழைத்தார். மண்டியிட்டு அமர்ந்து, குறுகிய கரண்டியால் சாந்தை இடுக்கின் அடிவரை அழுத்தி, மீண்டும் இட்டு மீண்டும் அழுத்தி, மேற்பரப்பை மட்டமாய் வழித்து, கல்லில் ஒட்டிய கறையை ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டே நகர்ந்தார். வெடித்த பாளங்களின் பிளவில் கல்லின் நிறத்துக்கு ஒப்பக் கருந்தூள் கலந்து நிரப்பி, தூக்கி நின்ற விளிம்பை அரத்தால் தேய்த்தும் விட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அம்மையார் பார்த்திருந்தார்.

"மெதுவாத் தட்டுங்க. உங்க வீட்டுக் கல்லா அது?"

"எங்க வீட்டுக் கல்லு இப்படி இருக்காது."

"உங்க வீட்டுல கல்லு இருக்கட்டும், மனுஷங்க எப்படின்னுதான் ஊருக்கே தெரியுமே."

இவ்வாறு வெயில் ஏற ஏறச் சொல்லும் ஏறிற்று. நண்பகலில் குடிப்பதற்கென்று ஒரு செம்பு நீரை அம்மையார் கொண்டுவந்தார். கையில் கொடுக்கவில்லை, நாய்க்கு வைப்பது போல் படியோரம் வைத்துவிட்டுப் போய் அமர்ந்தார். கொத்தனாருக்கு நா வறண்டுதான் கிடந்தது. ஆயினும் செம்பை எடுத்தவர், அம்மையார் கண்ணெதிரிலேயே அந்நீரைச் சாந்துக் குவியலில் ஊற்றிக் குழைத்தார். வெறும் செம்பைப் படியில் கவிழ்த்து வைத்தார். இருவருக்கும் அதில் ஒரு நிறைவு. நல்ல பெரிய மனிதர்கள்!

பொழுது சாயத் தொடங்குகையில் நடைவரிசைக்கு இருபுறமும் வேலை முடிந்தது. அத்தோடு கரண்டியைக் கழுவியிருந்தால் இக்கதையே இல்லை. உள்ளேயிருந்து ஊன்றுகோல் தரையில் தட்டும் ஓசை கேட்டது. தட்டி நின்று, மீண்டும் தட்டி நின்று, கொத்தனாரின் நெஞ்சில் வந்து இடித்தது. மகள் வெளியே வருகையில் ஒரு கணம் பார்த்துவிடலாம் என்றே அவர் காலைமுதல் எண்ணியிருந்தார். அவர் தலை நிமிர்ந்ததைக் கண்ட அம்மையார் அந்த எண்ணத்தையும் படித்துவிட்டார்.

"முடிஞ்சுதுன்னா கிளம்புங்க. அவ வெளியே வர்ற நேரத்துல நீங்க இங்க நிக்கக் கூடாது."

"என் பொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"இந்த வீட்டுக்காரி. நீங்கதானே காலையிலேருந்து அப்படிக் கூப்பிட்டுட்டிருக்கீங்க?"

 கொத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு மதில் வாயிலுக்கு நடந்தார். போகிறார் என்றே அம்மையார் நினைத்தார். அவரோ வாயிலருகே மண்டியிட்டு, வீட்டுக்கு முதுகும் தெருவுக்கு முகமுமாய் அமர்ந்து, தொடாமல் விட வேண்டிய நடைவரிசையின் முதல் இடுக்கில் சாந்தைத் திணித்தார். அடுத்த கல்லுக்கு நகர்ந்தார், அடுத்ததையும் நிரப்பினார். எந்தக் கொத்தனாரும் உள்ளிருந்து வெளியே நகர்ந்தபடிதான் முடிப்பான். இவர் வெளியிலிருந்து உள்ளே வந்தார். வாயில் வரை வழியெல்லாம் ஈரமாகிவிட்டால், அந்த ஈரம் காயும் வரை தம்மைத் துரத்த எவராலும் இயலாது. வேறு போக்கின்றி வீட்டினுள் விட்டே தீர வேண்டும். மகளோடு ஓர் இரவு ஒரு கூரையின் கீழ் இருக்கலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு. மருத்துவமனை என்ற சொல் காலையில் அவர் காதில் விழுந்ததுதான். சினம் அதைத் துடைத்துவிட்டிருந்தது.

அவருக்குத்தான் சினம், அம்மையாருக்கு என்ன வந்தது? நடைவரிசை அடைபடுவதை அவர் பார்த்தார். பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா, அன்பரே? அகமகிழ்ந்து போனார். கோணல் என்று தம் கணவரை எள்ளிச் சிரித்தவன், தொழிலின் முதற்பாடத்திலேயே சறுக்கி விழுகிறானே! முழுதும் அடைக்கட்டும், முடித்துவிட்டு விழிக்கட்டும், வழி விடத் தெரியாத கொத்தனார் என்று தெருத்தெருவாய்ச் சொல்லிச் சிரிக்கலாம் என்று, பட்டு வரும் மீனைப் பார்த்திருக்கும் தூண்டிற்காரி போல் அசையாமல் இருந்தார். அவ்வழி யாருக்காக விடப்பட்டது என்பது அக்கணம் அவருக்கும் நினைவில் இல்லை. எழுதும் எனக்கு எரிச்சலாய் வருகிறது; அவர்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வாயிற்படியை ஒட்டிய கடைசிக் கல்லின் மேல் நின்று, கடைசி இடுக்கை வழித்து முடித்து, கொத்தனார் நிமிர்ந்தார்.

"நகருங்க. உள்ளே வரணும்."

"எதுக்கு? வழி விட்டு வேலை செய்யத் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள உட்கார வெச்சு விருந்து போடணுமா?"

"தெரிஞ்சுதான் அடைச்சேன். மிதிச்சுட்டுப் போகச் சொல்றீங்களா? சொல்லுங்க, போறேன். உங்க வீட்டுக்காரர் வெச்ச கல்லு எல்லாம் ஆடிப் போயிடும்."

"அப்ப அங்கேயே நில்லுங்க, விடியற வரைக்கும். உள்ளே மட்டும் விடமாட்டேன்."

"அந்தக் கோணல் கல்லுக்கு இவ்வளவு திமிரா?"

"செத்தவரைப் பேசாதீங்க. அந்தக் கோணல் கல்லு மேலதான் உங்க பொண்ணு வாழ வந்தா."

"வந்துதானே காலை உடைச்சுக்கிட்டா?"

மதில் வாயிலில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டியோட்டி எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டிருந்தீங்களே?" என்றான்.

 அம்மையாரின் கை மெல்லத் தம் வாயை மூடிற்று. கொத்தனார், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வெட்டவெளிச்சமாய்க் கிடந்த ஈரச் சாந்தைத் திரும்பிப் பார்த்தார். ஓர் இடுக்கும் மிச்சம் இல்லை.

அப்பெண் வாயிற்படிக்கு வந்தாள். நல்ல சேலை உடுத்தித் தலை வாரியிருந்தாள். மாவுக்கட்டு இட்ட கால் தரைக்கு மேல் தொங்கிற்று. நெடுநாள் பாராத மகள் கைக்கெட்டும் தொலைவில் நிற்க, கொத்தனார் சாந்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் முற்றத்தைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"நகருங்கப்பா" என்றாள்.

கொத்தனார் ஒருக்களித்து ஒதுங்கினார். அவள் படியிறங்கி ஊன்றுகோலை நடைவரிசையின் மேல் ஊன்ற, கோலின் முனை ஈரச் சாந்தில் சொருகி, கல் ஒருபுறம் தாழ்ந்தது.

"மிதிக்காதே" என்று அம்மையார் கத்தினார். "மிதிக்காதே" என்று அதே நொடியில் கொத்தனாரும் கத்தினார்.

அவள் நின்றாள். திரும்பவில்லை. இன்னும் ஏதேனும் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பவள் போல் சற்றுப் பொழுது நின்றாள். கால் என்னவாயிற்று என்றோ, விழுந்துவிடப் போகிறாய் என்றோ, வா கையைப் பிடித்துக்கொள் என்றோ ஒரு சொல். பின்னால் இருந்து ஒன்றும் வரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசி நான் இன்னைக்குத்தான் கேட்கிறேன்" என்றாள். பிறகு நடக்கலானாள்.

ஒவ்வொரு கல்லாய், ஒவ்வோர் இடுக்காய், கோல் குத்திய குழியும் ஒற்றைக்கால் அழுந்திய தடமுமாய் அவள் போனாள். பாதி முற்றத்தில் ஒரு பாளம் சாய, உடம்பு ஆடிற்று. கோல் நழுவி விழுந்தது. கொத்தனார் பதறிக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் ஈர இடுக்கின் மேல் வந்ததும் அந்தரத்தில் நின்றுவிட்டது. வாழ்நாள் முழுதும் புதுச் சாந்தை மிதித்தறியாத கால். அதைக் கீழே வைக்க அவரால் அந்த ஒரு கணம் இயலவில்லை. அதற்குள் வண்டியோட்டி செருப்புக் காலோடு சாந்தையும் கல்லையும் மிதித்துத் துவைத்துக்கொண்டு ஓடிவந்து, "பார்த்து வாம்மா, மெதுவா, என் தோளைப் பிடிச்சுக்க" என்று அவளைத் தாங்கிப் பிடித்தான். முன்பின் அறியாதவன். அவன் தோளைப் பற்றிக்கொண்டு அவள் மதில் வாயிலைக் கடந்தாள். வண்டி புறப்பட்டுப் போயிற்று.

அவள் அவ்வீட்டுக்குத் திரும்பவில்லை. கட்டைப் பிரித்த மருத்துவமனையிலிருந்து கணவனும் மனைவியுமாய் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய், சின்னாளில் கணவன் பணிபுரியும் ஊரில் ஒரு மாடியறையில் குடியேறினர். அவள் போன தடத்திலேயே அன்று வெளியேறிய கொத்தனார் மறுநாள் காலை வந்து, விண்டுபோன சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் நிரப்பினார். இம்முறை உள்ளிருந்து வெளியே நகர்ந்து முடித்தார். அம்மையார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். சண்டை போட இருவரிடமும் ஒன்றும் மிச்சம் இல்லை.

நெடுநாள் கழித்து, கொத்தனார் மகள் இருக்கும் ஊரைத் தேடிப் போய் அந்த மாடிப் படிகளில் மூச்சு வாங்க ஏறினார். அவள் கதவைத் திறந்து, உட்காருங்கப்பா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, நீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதை முழுதும் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தவர் கடைசியில் வாய் திறந்தார்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"அது ஆறி எவ்வளவோ நாளாச்சுப்பா" என்றாள் அவள், அன்பாகத்தான்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். அன்பரே, பகை என்பது பகைத்த இருவரோடு முடிந்துவிடுவதாயின் நாம் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இருவரும் தத்தம் தலையை உடைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடலாம். அது எப்போதும் மூன்றாம் ஒருவர் நடக்க வேண்டிய வழியின் மேல்தான் பூசப்படுகிறது. பூசிய கைகளுக்கு வேலை செம்மையாய் முடிந்தது என்ற நிறைவு. நடக்க வேண்டியவர் நடந்து போய்விடுகிறார். கேட்க வேண்டிய பொழுதில் கேளாத அந்த ஒரு கேள்வியைப் பிறகு ஆயுள் முழுதும் கேட்டாலும், விடை அன்போடு வரும், ஆள் வருவதில்லை.